பாதியில் நிற்கும் மருந்து: மலாவி நோயாளரும் புலம்பெயர் தமிழரின் வாக்குச்சீட்டும்

“எங்கட வரிக்காசை ஏன் ஆபிரிக்காவுக்குக் கொட்டோணும்?”

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எம்மவர் கூடும் திருமண மண்டபங்களிலும் தமிழ் வானொலிகளின் நேயர் நேரத்திலும் இக்கேள்வி இப்போது கூச்சமின்றிக் கேட்கப்படுகின்றது. ஒரு காலத்தில் இதே கேள்வியை, இதே தொனியில், இந்நாடுகளின் வெள்ளையினத்தவர் பலர் எம்மைப் பார்த்துக் கேட்டனர். அகதிகளுக்கு ஏன் எங்கள் வரிப்பணம் என்றனர். அன்று அக்கேள்வியால் மனம் புண்பட்ட தலைமுறையினரே இன்று அதைத் தம் வாயால் உச்சரிக்கின்றனர். கடவுச்சீட்டு மாறியதும் கேள்வியின் திசையும் மாறிவிட்டது போலும்.

இது வெறும் மண்டபப் பேச்சாக நின்றிருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. நாம் வாக்களிக்கும் அரசுகள் இப்பேச்சையே கொள்கையாக்கிவிட்டன. 2025 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் நாள், பதவியேற்ற அன்றே, அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் தம் நாட்டின் வெளிநாட்டு அபிவிருத்தி உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். சில நாட்களுக்குள், பணிகளை உடன் நிறுத்துமாறு உலகெங்கும் உள்ள திட்டங்களுக்குக் கட்டளை பறந்தது. உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு உண்டென்று பின்னர் அறிவிக்கப்பட்டபோதிலும், அம்மருந்தை நோயாளியின் கையிற் சேர்ப்பவர்களின் ஊதியம் அதற்குள் நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று யூ.எஸ்.எயிட் நிறுவனமே மூடப்பட்டது.

இது அமெரிக்காவின் பாவம், எமக்கென்ன என்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழும் நாம் கைகழுவ முடியாது. 2025 பெப்ரவரி 25 அன்று பிரித்தானியப் பிரதமர் ஸ்டார்மர், தேசிய வருமானத்தில் 0.5 வீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027 இல் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார். 0.7 வீதம் வழங்கவேண்டும் என்று 2015 ஆம் ஆண்டில் சட்டமியற்றிய நாடு அது. எயிட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றையும் எதிர்க்கவென 2002 இல் தொடங்கப்பட்ட உலக நிதியம், ஏற்கெனவே கையொப்பமிட்டு நடந்துகொண்டிருந்த திட்டங்களிலிருந்தே 1.43 பில்லியன் டொலரை 2025 இல் இடைநடுவில் வெட்ட வேண்டியதாயிற்று. அந்நிதியத்தின் அடுத்த மூன்றாண்டுகளுக்கு 18 பில்லியன் டொலர் தேவையென்று கேட்கப்பட்டது. நவம்பர் 21 அன்று ஜொகன்னஸ்பேர்க்கில் கிடைத்த வாக்குறுதியோ 11.34 பில்லியன். முன்னைய தடவை 1 பில்லியன் பவுண் கொடுத்த பிரித்தானியா 850 மில்லியனுக்கு இறங்கியது. யேர்மனி 1.3 பில்லியன் யூரோவிலிருந்து 1 பில்லியனுக்கு வந்தது. கனடா 1.21 பில்லியன் கனடிய டொலரிலிருந்து 1.02 பில்லியனுக்கு வந்தது. இவை எமது அரசுகள். எமது வாக்கும் எமது வரியும் இவற்றில் உள்ளன.

இத்தொகைகள் குறையும்போது ஒரு நாட்டில் என்ன நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, ஆபிரிக்கா என்று பொதுவாகப் பேசுவதை விடுத்து, ஒரேயொரு நாட்டை உற்றுநோக்குவோம். அந்நாடு மலாவி. தென்கிழக்கு ஆபிரிக்காவில், கடல் எல்லை இல்லாத, இரண்டு கோடியைச் சற்றே தாண்டிய மக்களைக் கொண்ட நாடு. நியாசலாந்து என்ற பெயரில் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்து 1964 இல் விடுதலை பெற்றது. ஒருவருக்கான ஆண்டு வருமானம் அறுநூறு டொலரை ஒட்டியது. புகையிலையும் தேயிலையும் ஏற்றுமதிப் பயிர்கள். தியோலோ, முலாஞ்சே மாவட்டங்களின் தேயிலை மலைகளின் ஒளிப்படங்களை எம் மலையக உறவுகள் பார்த்தால் அட்டன் என்றோ பண்டாரவளை என்றோ எண்ணக்கூடும்.

அந்நாட்டுக்குக் காசநோய் எப்படி வந்து வேரூன்றியது என்பதில் ஒரு பகுதியை நாம் அறிய வேண்டும். குடியேற்ற ஆட்சிக் காலத்திலிருந்தே மலாவியின் இளைஞர்கள் தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். சுரங்கத்தின் சிலிக்காத் தூசு நுரையீரலை அரித்தது. அரித்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதிற் குடியேறியது. உழைக்க முடியாதவர் ஊருக்குத் திரும்பினர். கிருமியும் அவர்களோடு ஊர் சேர்ந்தது. 1980களின் பிற்பகுதியில் மலாவித் தொழிலாளர் சிலரிடம் எச்.ஐ.வி கண்டறியப்பட்டபோது, அதையே காரணங்காட்டித் தென்னாபிரிக்கச் சுரங்க முதலாளிகள் அவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினர். பல்லாண்டுகள் உழைப்பை உறிஞ்சியவர்கள் நோயைக் கண்டதும் வாசலை அடைத்தார்கள். இப்படிப்பட்ட வரலாற்றுக்குப் பின்னர்தான் “அவர்கள் தங்கள் நோயைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்” என்று சொல்லப்படுகின்றது.

1990களின் இறுதியில் மலாவியில் வயதுவந்தோரில் ஆறு, ஏழு பேருக்கு ஒருவரிடம் எச்.ஐ.வி இருந்தது. எச்.ஐ.வி உடலின் காவலைத் தகர்க்கும்; தகர்ந்த காவலினூடாக முதலில் நுழைவது பெரும்பாலும் காசநோய். 2000 ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், அந்நாட்டுக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் மூவர் எச்.ஐ.வி தொற்றும் உடையவராய் இருந்தனர். சராசரி ஆயுள் 45 வயதளவிற்குச் சரிந்தது. ஆசிரியரும் தாதியரும் இளந்தாய்மாரும் வரிசையாக மடிந்தனர். மருத்துவமனைக் கூடங்களில் கட்டிலிலும் தரையிலும் நோயாளர் கிடந்தனர்.

அக்காலத்தில் மருந்து இல்லாமலில்லை. 1996 இலிருந்தே வசதியுள்ள நாடுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை உயிர்களைக் காத்து வந்தது. அதன் விலை ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல். இவ்விலையை உடைத்தவர்கள் இந்திய மருந்து உற்பத்தியாளர்களே. மருந்தின் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை, மருந்துப் பொருளுக்கு இல்லை என்று இந்தியா 1970 இல் இயற்றிய சட்டத்தின் நிழலில் வளர்ந்த சிப்லா நிறுவனம், 2001 பெப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டொலருக்கு அதே மருந்தைத் தர முன்வந்தது. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! அதே ஆண்டு மலாவியின் சிராட்சுலு மாவட்டத்தில் அவ்வமைப்பு சிகிச்சையைத் தொடங்கியது. 2004 இல் உலக நிதியத்தின் பணத்தோடு மலாவி அரசு நாடு முழுவதற்கும் இலவசச் சிகிச்சையை அறிவித்தது. இந்திய அரசும் அதே 2004 ஏப்ரலில்தான் தன் இலவச எச்.ஐ.வி சிகிச்சையைத் தொடங்கியது என்பதும், தொடங்கிய எட்டு இடங்களில் தாம்பரம் காசநோய் மருத்துவமனை ஒன்று என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கவை.

அரசின் அறிவிப்பு எளிது, நடைமுறை கடினம். மருத்துவர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, பல சுகாதார நிலையங்களில் மின்சாரமே நிச்சயமில்லை. மலாவியர் செய்ததைத்தான் நாம் பாடமாகப் படிக்க வேண்டும். அனைவருக்கும் ஒரே கூட்டு மாத்திரை, காலையும் மாலையும். மருத்துவர் இல்லாத இடத்தில் மருத்துவ உதவி அலுவலரும், பின்னர் தாதியரும் சிகிச்சையைத் தொடங்கலாம். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேடு. மூன்று மாதத்திற்கொருமுறை மேற்பார்வைக் குழு நேரில் வந்து அந்த அட்டைகளைக் கையால் எண்ணி, எத்தனை பேர் உயிரோடு மருந்தெடுக்கின்றனர், எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் வராமல் நின்றனர் என்று கணக்கெடுக்கும். அக்கணக்கின்படி அடுத்த காலாண்டின் மருந்து அனுப்பப்படும். கணினிமயம், நவீனம் என்ற ஆரவாரம் எதுவுமில்லை. தாளும் பேனாவும் போதுமானவையாக இருந்தன. 2003 இல் சில ஆயிரம் பேர் மட்டுமே மருந்து பெற்ற நாட்டில், 2010 முடிவில் இரண்டரை இலட்சம் பேர் மருந்தோடு உயிர்வாழ்ந்தனர். இன்று எச்.ஐ.வி உடைய ஏறத்தாழ பத்து இலட்சம் பேரில் மிகப் பெரும்பான்மையினர் சிகிச்சையில் உள்ளனர். காசநோய் 2000களின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. சராசரி ஆயுள் 65ஐத் தாண்டியது. இருபது ஆண்டுகளில் இருபது வயது! இப்படிப்பட்ட வரவைத் தந்த வேறு அரச செலவு ஒன்றை, வரிப்பணம் பற்றிக் கவலைப்படுவோர் எமக்குக் காட்டட்டும்.

கொடை பெறும் நாடு என்றால் கைநீட்டி நிற்கும் நாடு என்று எண்ணுவோருக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். கருவுற்ற தாய்க்கு எப்போது மருந்து தொடங்குவது என்பதை இரத்தத்தின் சி.டி.4 அளவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2010 இல் கூறியது. அதை அளக்கும் இயந்திரம் மலாவியின் கிராமங்களில் இல்லை. எனவே, தொற்றுள்ள கருவுற்ற தாயர், பாலூட்டும் தாயர் அனைவருக்கும், அளவு எதுவாயினும், அன்றே தொடங்கி ஆயுள் முழுதும் மருந்து என்று 2011 இல் மலாவி தானாக முடிவெடுத்தது. உலகில் முதன்முதலாக அவ்வாறு செய்த நாடு அது. நிபுணர்கள் முதலில் புருவம் உயர்த்தினர். 2013 இல் உலக நலவாழ்வு நிறுவனமே அதைத் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது. வறிய நாடொன்று கற்பித்தது, உலகம் கற்றுக்கொண்டது.

இவ்வெற்றியில் கறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. முதற் பத்தாண்டில் மலாவியருக்குக் கொடுக்கப்பட்ட மலிவுக் கூட்டு மாத்திரையிலிருந்த ஸ்டாவுடின், கைகால் நரம்புகளைப் பாதித்தது. முகத்தின் கொழுப்பைக் கரைத்து ஆளை உருமாற்றியது. செல்வ நாடுகள் அதைக் கைவிட்ட பின்னரும் வறியவருக்கு அதுவே கிடைத்தது. 2011 இலிருந்தே மலாவி படிப்படியாக அதிலிருந்து விலகியது. 2019 இல் டோலுடெகிராவிர் கொண்ட சிறந்த மாத்திரைக்கு மாறியது. அந்தச் சிறந்த மாத்திரையின் விலை, 2023 இல் உலக நிதியம் பேரம்பேசியதன்படி, ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 45 டொலருக்கும் குறைவு. ஒரு குடும்பமாகத் திரையரங்குக்குப் போய் ஒரு தமிழ்ப்படம் பார்த்துத் திரும்பும் செலவில் ஓர் ஆளின் ஓராண்டு உயிர்.

இனி எமக்கு மிக நெருங்கிய விடயத்துக்கு வருவோம். 1950களில் காசநோய் என்றால் சுகநிலையம், நல்ல காற்று, முட்டை, பால், நீண்ட ஓய்வு என்பதே உலகெங்கும் மருத்துவத்தின் நம்பிக்கை. எம் ஊர்ப் பெரியோர் “கசம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன காலம் அது. ஏழைகளின் நாட்டில் அத்தனை பேருக்கும் கட்டிலுக்கு எங்கே போவது? 1956 இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. நகரின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் சுகநிலையத்தில். மறுபகுதியினர் தம் நெருக்கமான வீடுகளிலேயே. இரு பகுதியினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். சுகநிலையத்தில் இருந்தவர் நன்றாக உண்டனர், ஓய்வெடுத்தனர். வீட்டில் இருந்தவர் அரைவயிற்றோடு வேலைக்கும் போயினர். 1959 இல் முடிவு வெளியானபோது, குணமானோர் விகிதம் இரு பகுதியிலும் பெரிதும் வேறுபடவில்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தினருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை.

கட்டிலும் காற்றும் அல்ல, இடையறாத மருந்தே குணப்படுத்துகின்றது என்பதை உலகுக்கு மெய்ப்பித்தவர்கள் அந்தச் சென்னை ஏழைத் தமிழர்கள். மேலை நாடுகளின் சுகநிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதில் அவர்களுக்கும் பங்குண்டு. நோயாளி மருந்து விழுங்குவதை ஒருவர் நேரிற் பார்த்து உறுதிப்படுத்தும் முறையும் அதே நிலையத்தில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் கரேல் ஸ்டிப்லோ என்ற மருத்துவர் தன்சானியாவில் அந்த அறிவைக் கொண்டு நாடு தழுவிய திட்டம் அமைத்தார். 1984 இல் அத்திட்டம் மலாவிக்கு வந்தது. காலாண்டுக் கணக்கு, பேரேடு, தடைபடாத மருந்து விநியோகம் என்ற அந்தக் காசநோய்த் திட்டத்தின் எலும்புக்கூட்டின் மீதே 2004 இல் எச்.ஐ.வி சிகிச்சை கட்டப்பட்டது. ஆக, சேத்துப்பட்டிலிருந்து லிலொங்வே வரை ஒரு நேர்கோடு ஓடுகின்றது. வெளிநாட்டு உதவி ஏழை நாட்டில் வீண் என்போர், பிரித்தானியரும் ஐக்கிய நாடுகளும் சென்னைக்குச் செய்த அந்த உதவியை எந்தக் கணக்கில் எழுதுவர்?

சென்னை நிறுவிய உண்மையைத்தான் 2025 இன் வெட்டுகள் மிதிக்கின்றன. சாலை போடும் பணியைப் பாதியில் நிறுத்தினால் சாலை பாதியில் நிற்கும், அவ்வளவே. ஆறு மாதக் காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் பாதியில் நிற்பதில்லை. மிஞ்சிய கிருமி மருந்தை எதிர்க்கப் பழகி, பன்மடங்கு செலவு பிடிக்கும் வேறொரு நோயாகத் திரும்பி வருகின்றது. எச்.ஐ.வி மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இரத்தத்தில் வைரசு மீண்டும் பெருகுகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்கும் துணையிடமிருந்து துணைக்கும் செல்கின்றது. மலாவியில் எச்.ஐ.வி மருந்தைப் பெரும்பாலும் வாங்கிக் கொடுப்பது உலக நிதியம். பரிசோதிப்பவர், ஆலோசனை கூறுபவர், மருந்தெடுக்க வராதவரைத் தேடிச் செல்பவர், பேரேட்டை எழுதுபவர் ஆகியோரில் கணிசமானோருக்கு ஊதியம் கொடுத்தது அமெரிக்கா. ஒரு கை மருந்தைக் குறைக்கின்றது; மறு கை அதைக் கொண்டு செல்பவரை வீட்டுக்கு அனுப்புகின்றது. களஞ்சியத்தில் மாத்திரை இருந்தும் வராத நோயாளியைத் தேடிப் போக ஆளில்லை என்றால், அந்த மாத்திரை யாருக்கு?

மறுதரப்பின் வாதங்களில் வலுவானது ஊழல். அதை நாம் மறைக்கவில்லை. 2013 இல் மலாவி அரச கருவூலத்திலிருந்து பெருந்தொகை சூறையாடப்பட்டது வெளிவந்தது. ‘காஷ்கேட்’ என்று அவ்விவகாரம் பெயர்பெற்றது. மலேரியா மருந்துகள் களஞ்சியங்களிலிருந்து திருடிச் சந்தையில் விற்கப்பட்டதும் உண்மை. காஷ்கேட்டுக்குப் பின் கொடை நாடுகள் அரச வரவு செலவுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதை நிறுத்தின. அது நியாயமே. மருந்தைத் தனி வழியில் வாங்கி, எண்ணி, கணக்குக் கேட்டனர். திருட்டு பிடிபட்டதே அப்படி எண்ணியதால்தான். கள்வன் அகப்பட்டதற்காக நோயாளிக்குத் தண்டனை கொடுக்கும் நீதி எந்த ஊர் நீதி? ஊழல் காரணமாக உதவி வெட்டப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். ஸ்டார்மர் சொன்ன காரணம் பாதுகாப்புச் செலவு. ஊழல் என்பது மண்டபங்களில் நாம் பின்னர் சேர்த்துக்கொண்ட சமாதானம்.

“எத்தனை காலத்துக்குக் கொடுப்பது? தம் காலில் நிற்க வேண்டாமா?” என்பது அடுத்தது. நிற்க வேண்டும். ஆபிரிக்க அரசுகள் தம் வரவு செலவில் 15 வீதத்தை நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக 2001 இல் அபுஜாவில் வாக்குறுதியளித்தன, பெரும்பாலானவை நிறைவேற்றவில்லை. மலாவியின் ஆட்சியாளரும் அதற்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் 2023 நவம்பரில் நாணயம் 44 வீதம் மதிப்பிறக்கப்பட்ட நாடு அது. அதே ஆண்டு மார்ச்சில் ஃபிரெடி சூறாவளி தென்பகுதியைச் சிதைத்தது. பத்தாண்டில் படிப்படியாகக் கைமாற்றும் திட்டத்தை மேசையில் வைத்துப் பேசினால் அது பொறுப்பு. ஜனவரியில் கட்டளையிட்டு அடுத்த வாரமே நிறுத்துவதற்குச் சுயசார்பு என்று பெயர் வைப்பது, நீந்தக் கற்பிப்பதாகச் சொல்லிக் குழந்தையைக் கிணற்றில் தள்ளுவதற்கு ஒப்பானது.

கொடுக்கல் வாங்கலில் மறுபக்கமும் உண்டு. மலாவியில் பயின்ற தாதியரும் மருத்துவரும் பிரித்தானிய மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர். அவர்களைப் படிக்கவைத்த செலவு மலாவி ஏழையின் செலவு. இது எமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இலவசமாகப் பயின்ற எம் மருத்துவர் எத்தனை பேர் இங்கே! இந்த இழப்பை ஈடுசெய்ய 2004 இல் பிரித்தானியா ஒருமுறை சரியானதைச் செய்தது. ஆறாண்டுகளுக்கு 55 மில்லியன் பவுண் ஒதுக்கி, மலாவியின் சுகாதார ஊழியர்களது ஊதியத்தை 52 வீதம் உயர்த்த உதவியது. சென்றவர் சிலர் திரும்பினர். செல்ல இருந்தவர் சிலர் தங்கினர். ஊழியர் தொகை உயர்ந்தது. உதவி என்ற பெயரில் ஆலோசகர்களின் விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் பணம் கரைவதை நாமும் கண்டிக்கிறோம். ஊதியத்துக்கும் மருந்துக்கும் நேரே சென்ற பணம் அப்படிக் கரையவில்லை.

இனி, எம்மவர் நெஞ்சில் உண்மையாகவே இருக்கும் வாதம். “எங்கட சனமே இன்னும் எழும்பேல்லை. முதலில் அவர்களைப் பார்ப்போம்.” இதைச் சொல்பவரை நாம் இகழவில்லை. தாயகத்துக்கு ஈவதை எவரும் நிறுத்த வேண்டியதுமில்லை. ஆனால் இலண்டனில் வெட்டப்படும் உதவிப்பணம் முல்லைத்தீவுக்குப் போகப்போவதில்லை; ஆயுதக் கொள்வனவுக்குப் போகின்றது. உலக நிதியம் எமக்கு அந்நியமும் அன்று. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. போர் நடந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் விநியோகிக்கப்பட்ட மருந்தூட்டிய நுளம்புவலைகளுக்குப் பணம் கொடுத்தவற்றுள் அதே உலக நிதியம் ஒன்று. அந்த வலைக்குள் உறங்கியவர்கள் எம் பிள்ளைகள். அதற்கு வரி கட்டிய நோர்வேக்காரரோ யப்பானியரோ, எங்கட காசு ஏன் வன்னிக்கு என்று கேட்டு அதை மறிக்கவில்லை.

வலைகளை விடுவோம். தலைநகரொன்றில் இருக்கும் எவரோ எடுத்த முடிவினால் மருந்து வராமற்போவது எப்படியிருக்கும் என்பதை எம்மைவிட அறிந்த மக்கள் யார்? 1990களின் பொருளாதாரத் தடையில் வடக்குக்குச் செல்லும் மருந்துகள் வீதித்தடைகளில் எண்ணி மறிக்கப்பட்டதை எம் பெற்றோர் அறிவர். 2009 இல் வன்னியின் தற்காலிக மருத்துவமனைகளுக்கு மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் அனுமதிக்கப்படாததை 2011 இல் ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு பதிவுசெய்தது. அப்போது நாம் குளிரில் நாடாளுமன்றங்களின் முன் நின்று, எங்கோ உள்ள எம் மக்களுக்காக இந்நாட்டு மக்களின் மனச்சாட்சியிடம் முறையிட்டோம். எமக்கு உறவில்லாதவரிடம்தான் முறையிட்டோம். அவர்களிற் பலர் செவிசாய்க்கவில்லை என்ற மனக்குறை எமக்கு இன்றும் உண்டு. மலாவியில் மருந்துக்கு வரிசையில் நிற்கும் தாய் எம்மிடம் முறையிடும் இடத்தில் நாம் இப்போது இருக்கிறோம்.

பிள்ளைகள் இதைப் பெற்றோரைவிட விரைவில் விளங்கிக்கொள்வர் என்று நம்புகிறோம். ஒரு செய்தியை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ வந்தபோது உங்கள் அம்மா, அப்பா பலரும் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்த பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டார்கள். அது காசநோய்க்கான சோதனை. இங்கிலாந்தில் 2024 இல் காசநோயாளர் தொகை முன்னைய ஆண்டைவிட 13 வீதம் கூடியது. அவர்களில் ஐவரில் நால்வர் பிறநாடுகளிற் பிறந்தவர். எமது வீடுகளில் ஒருவருக்கு அந்நோய் வந்தால் இன்றும் ‘நிமோனியா’ என்று சொல்லி மறைக்கிறோம், திருமணப் பேச்சு கெட்டுவிடும் என்று. மறைக்கும் அந்த வெட்கமும், மலாவி நோயாளியை அந்நியன் என்று ஒதுக்கும் மனமும் ஒரே வேரில் முளைத்தவை.

நாம் கேட்பது உண்டியல் பணமன்று. ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கும் மரபுத் திங்கள் விழாக்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வருகின்றனர், வேட்டி கட்டுகின்றனர், குத்துவிளக்கேற்றி, வணக்கம் சொல்லி, ஒளிப்படத்துக்கு நிற்கின்றனர். எமது அமைப்புகள் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைக்கின்றன. இம்முறை பொன்னாடைக்கு முன் ஒரு கேள்வி. பிரித்தானியாவில்: 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 0.7 வீதத்துக்கு எந்த ஆண்டில் திரும்புவீர்கள்? உலக நிதியத்துக்குக் குறைத்த 150 மில்லியன் பவுணை மீளத் தருமாறு உங்கள் கட்சித் தலைமையிடம் கேட்டீர்களா? கனடாவில்: 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் நான்காண்டுகளில் வெளிநாட்டு உதவியிலிருந்து 2.7 பில்லியன் டொலரைக் குறைத்தபோது நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்? யேர்மனியில்: ஏன் 300 மில்லியன் யூரோ குறைந்தது? எம் தமிழ் மருத்துவர் சங்கங்களும் தம் கல்லூரிகளினூடாகவும் தொழிற்சங்கங்களினூடாகவும் இதையே கேட்கட்டும். மலாவித் தாதியோடு ஒரே விடுதியில் இரவுப்பணி செய்பவர்கள் அவர்கள்தாமே. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் ஒன்றியங்கள் கலைவிழா மலரில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம்.

உறுப்பினர்கள் புன்னகைத்து, நல்ல கேள்வி என்று சொல்லி, அடுத்த மேசைக்கு நகர்வார்கள். விடாதீர்கள். பெயரும் அஞ்சற்குறியீடும் இட்டுக் கடிதமாகக் கொடுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வந்த பதிலை, வராவிடின் வரவில்லை என்பதை, இத்தளத்துக்கு அனுப்பிவையுங்கள். தொகுதிவாரியாக வெளியிடுவோம்.